ஸ்டாட்யூட்டரி நியூசன்ஸ்: ‘சட்டப்பூர்வத் தொல்லை’ வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

‘ஸ்டாட்யூட்டரி நியூசன்ஸ்’ (statutory nuisance) என்பது, இன்னின்னவை தொல்லை என்று சட்டமே பெயர் சொல்லி, அவற்றின்மேல் நோட்டீஸ் கொடுக்க அலுவலருக்கு அதிகாரம் தரும் ஆங்கிலச் சட்டச் சொல். இதற்குத் தமிழாக்கமாக இதுவரை நம் கலைச்சொல் குழுவில் வந்தவை மூன்று: சட்டப்பூர்வத் தொல்லை, சுகாதாரக் கேடு, சூழல் மாசு. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை.

சட்டப்பூர்வ வாரிசு என்றால் சட்டம் ஏற்றுக்கொண்ட வாரிசு. அதே வரிசையில் ‘சட்டப்பூர்வத் தொல்லை’யை வைத்துப் பாருங்கள். தொல்லை கொடுக்கச் சட்டமே அனுமதித்தது போல் ஆகிவிடும். பொருள் நேர் எதிராகப் போவதால் இதை இத்தோடு விட்டுவிடலாம்.

‘சுகாதாரக் கேடு’ நம் ஊரில் தினமும் புழங்கும் சொல். கடலூர் முதுநகரில் சாக்கடை அடைத்துக்கொண்டால் மனுவில் முதலில் வருவது இதுதான். ஆனால் மூலச்சொல் வந்த இடத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 79ஆம் பிரிவு: உடல்நலத்துக்குத் தீங்கானது, ‘அல்லது’ தொல்லையானது. அந்த ‘அல்லது’தான் உயிர்நாடி. புகை, தூசி, நாற்றம், குப்பைக் குவியல், விலங்கு, பூச்சி, விளக்கு வெளிச்சம், இரைச்சல் என்று அந்தப் பிரிவு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறது. எதிர்க் கடையின் விளக்கு இரவெல்லாம் படுக்கையறைக்குள் அடித்தால் யாருக்கும் காய்ச்சல் வராது. ஆனாலும் புகார் வந்தால் அங்கே உள்ளாட்சி மன்றம் விசாரித்தே ஆக வேண்டும். ‘கேடு’ என்று வைத்தால் இந்தப் பாதி முழுக்க விழுந்துவிடும்.

அப்புறம் ‘மாசு’. இதை நான் கொஞ்சம் அழுத்தியே மறுக்கிறேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் போய்க் கேட்டால் யாரும் மாசு என்று பேச்சைத் தொடங்க மாட்டார்கள். ‘நாத்தம் தாங்கல’ என்பார்கள். அழுகிய முட்டை வாடை என்றால் பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ஆனால் 2009இல் வெளியான தேசியக் காற்றுத் தர வரம்புகளில் உள்ள 12 பொருள்களில் அது இல்லை. அந்தப் பன்னிரண்டும் வரம்புக்குள் இருக்கின்றன என்று உண்மையாகவே அறிக்கை கொடுத்துவிட முடியும். சன்னலைச் சாத்திக்கொண்டு சித்திரைப் புழுக்கத்தில் பிள்ளைகளோடு கிடந்தவருக்கு அந்தத் தாளால் என்ன பயன்? மாசைக் கருவி சொல்லும். தொல்லையா இல்லையா என்பதை அலுவலர் அந்த வீட்டு வாசலில் நின்று, முகர்ந்து, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் வாசலில் நிற்க வேண்டிய அந்த வேலையே மறைந்துவிடும்.

ஆக, ‘தொல்லை’ இருக்கட்டும். ‘ஸ்டாட்யூட்டரி’க்குத்தான் சொல் வேண்டும். இந்தக் கருத்து நமக்குப் புதிதும் அல்ல. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இன்றைய தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், தொல்லைகளை நீக்குவதற்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறது. எது எது தொல்லை என்பதைச் சட்டமே பெயர் சொல்லிவிடுகிறது. அதனால்தான் அலுவலருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் வருகிறது. அதை வைத்து என் பரிந்துரை: சட்டம் சுட்டிய தொல்லை.

நோட்டீசில் போட்டுப் பார்த்தேன்: ‘தங்கள் பட்டறையின் இரவு நேர இரைச்சல், சட்டம் சுட்டிய தொல்லை என மன்றம் முடிவு செய்துள்ளது.’ படிப்பவருக்கு உடனே புரிகிறது. ‘பட்டியல் தொல்லை’ இன்னும் சுருக்கம்தான். ஆனால் பட்டியல் என்றால் சாதிப் பட்டியலும் கடைப் பட்டியலும் முந்திக்கொண்டு வரும்.

இதோடு வரும் ‘அபேட்மென்ட் நோட்டீஸ்’, அதாவது தொல்லையை நிறுத்தவோ குறைக்கவோ சொல்லி உள்ளாட்சி மன்றம் அனுப்பும் நோட்டீஸ், பற்றியும் ஒரு வார்த்தை. ‘நீக்க அறிவிப்பு’ போதாது. அடியோடு நிறுத்தச் சொல்லாமல், இரவு இத்தனை மணிக்கு மேல் கூடாது என்று மட்டுப்படுத்தவும் அந்த நோட்டீசால் முடியும். ‘தணிப்பு அறிவிப்பு’ இரண்டையும் தாங்கும் என்று நினைக்கிறேன். நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் நோட்டீஸ் எழுதிப் பழகியவர்கள் குழுவில் இருந்தால், ‘தணிப்பு’ என்பது உத்தரவாகக் கேட்குமா, வேண்டுகோளாகக் கேட்குமா என்று அவசியம் எழுதுங்கள்.