பன்னிரண்டு சேனைத் துண்டு நட்டேன், முளைத்தது இரண்டு

மோல்மேன் கொல்லைக்காரன்:

வணக்கம். பர்மாவில் மோல்மேனிலிருந்து முடோன் போகும் சாலையில் எங்களுக்கு ஒரு சிறு கொல்லை இருக்கிறது. போன வருடம் அம்மா பரணில் வைத்திருந்த சேனைக்கிழங்கு இரண்டை எடுத்தேன். ஒவ்வொன்றும் இரண்டு வீசைக்கு, அதாவது மூன்று கிலோவுக்குக் குறையாது. குருத்து அடிபடக் கூடாது என்று நடுவை வட்டமாக விட்டுவிட்டுச் சுற்றிலும் அரிந்தேன். மொத்தம் பன்னிரண்டு துண்டு, ஒவ்வொன்றும் அரைக் கிலோ இருக்கும். மே மாதம் முதல் மழை பெய்த அன்று மாலையே வெட்டி, அப்போதே நட்டும்விட்டேன்.

முளைத்தவை இரண்டு. மற்ற பத்தும் ஜூன் கடைசியில் ஜவ்வரிசிக் கஞ்சி போலக் குழைந்துவிட்டன. நாற்றம் அடுத்த வீடு வரை போனது. மண் செம்மண், தண்ணீர் தேங்காது. வேறு என்ன தவறு செய்தேன்?

பெகு அக்கா:

வெட்டிய அன்றே நட்டீர்களா தம்பி? ஈர வெட்டுக்காயத்தோடு ஈர மண்ணில் வைத்தால் அழுகத்தான் செய்யும். நான் மாட்டுச்சாணத்தைக் கெட்டியாகக் கரைத்துத் துண்டுகளை முக்கி எடுத்து, நிழலில் உலர்த்திவிட்டுத்தான் நடுவேன். சாணம் கிடைக்காத வருடம் அடுப்புச் சாம்பலைத் தடவினேன், அதுவும் கைகொடுத்தது.

தட்டோன் பெரியவர்:

அக்கா சொன்னது பாதிக் காரணம். மீதி உங்கள் கத்தியில் இருக்கிறது தம்பி. இரண்டு கிழங்கு, இரண்டு முளை. பிழைத்தவை எந்தத் துண்டுகள்? நீங்கள் பத்திரமாக விட்டுவைத்த அந்த நடுத்துண்டுகள்தானே?

சேனைக்கு உயிர் மேலே உள்ள அந்தக் குழியில் இருக்கிறது. கிழங்கை மேலிருந்து கீழாக, வட்ட வெல்லத்தைப் பங்கு போடுவது போல வெட்ட வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் குருத்தின் ஒரு கீற்றாவது வர வேண்டும். குருத்தைப் பிளக்கிறோமே என்று பயப்பட வேண்டாம், பிளந்தாலும் பக்கத்திலிருந்து முளை வரும். குருத்தே இல்லாத துண்டும் சில சமயம் விளிம்பில் புதிதாக முளை விடும். ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். நம் பக்கத்து ஜூன், ஜூலை மழை அதுவரை காத்திருக்குமா?

அரைக் கிலோவுக்குக் குறைத்து வெட்டாதீர்கள். ஒரு கிலோவாக இருந்தால் இன்னும் நல்லது, விதை பெரிதானால் கிழங்கும் பெரிதாகும். குழிக்குக் குழி மூன்று அடி விடுங்கள். நான் திங்யான் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் வெட்டிக் காயவைத்து, குழியில் மக்கிய எருவைப் போட்டு நட்டு, மேலே காய்ந்த இலையை மூடிவிடுவேன். மழை வரும்போது துண்டு உள்ளே விழித்திருக்கும். எட்டு, ஒன்பது மாதத்தில் தண்டு மஞ்சளாகிச் சாயும், அப்போது தோண்டலாம். வெட்டும்போது கையில் புளியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை மறந்து, இரவு முழுவதும் சொறிந்துகொண்டிருந்தேன்.

மோல்மேன் கொல்லைக்காரன்:

ஆமாம் ஐயா, அதே நடுத்துண்டுகள்தான்! எனக்கு இது தோன்றவே இல்லை. இன்னொன்றும் கேட்கிறேன். பெருவள்ளிக்கிழங்குக்கும் இதே வெட்டுத்தானா? அதில் குருத்து எது என்றே தெரியவில்லை.

தட்டோன் பெரியவர்:

வள்ளி வேறு சாதி. சேனையைப் போல ஒரே குருத்தை நம்பியிருப்பதில்லை. தோல் ஒட்டியிருக்கிற எந்தத் துண்டும் தோலுக்கு அடியிலிருந்து புதிதாக முளை கட்டும். தோல் இல்லாத வெறும் சதைத்துண்டைக் குழம்புக்கு அனுப்பிவிடுங்கள். கொடி தொடங்கும் தலைப்பக்கம் முதலில் முளைக்கும், நடுவும் வாலும் பிந்தும். அதனால் தலைத்துண்டுகளைத் தனி வரிசையில் நடுங்கள், இல்லாவிட்டால் ஒரே பாத்தியில் ஒன்று பந்தலேறிவிட இன்னொன்று மண்ணுக்குள் கிடக்கும். துண்டு கால் கிலோ போதும். சாம்பல் தடவி நிழலில் உலர்த்துவது இதற்கும் உண்டு.

டிசம்பரில் தோண்டிய கிழங்கை ஜனவரியில் வெட்டி நட்டுவிட்டு முளைக்கவில்லை என்று வருந்தாதீர்கள். இரண்டு மூன்று மாதம் அது தூங்கும். நட்ட பிறகும் வால்துண்டு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். முளைத்ததா என்று தோண்டிப் பார்த்தீர்களானால் அந்த இளமுளை ஒடிந்துவிடும்.

மோல்மேன் கொல்லைக்காரன்:

நன்றி ஐயா, நன்றி அக்கா. நான் தோண்ட மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் தோண்டிப் பார்ப்பது அம்மா. அவரிடம் யார் சொல்வது என்றுதான் தெரியவில்லை.