மலை சைக்கிள் தடத்துக்கு இடம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கோவையின் மேற்கு அடிவாரத்தில், சட்டப்படி மலை சைக்கிள் ஓட்ட ஒரு பூங்கா கேட்டு மனு தயாரிக்கிறோம். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். யானை நடமாட்டம் வேறு. ஆகவே காட்டுக்கு வெளியே, ஊராட்சி எல்லைக்குள் அரசு நிலம் தேடுகிறோம்.

கிராம நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டில் ஓடை, குளம், மேய்ச்சல் என்றிருக்கும் புல எண்களைத் தொடவில்லை. நீர்நிலையில் எது கட்டினாலும் நீதிமன்றத்தில் நிற்காது. தீர்வை ஏற்படாத, அதாவது நிலவரி விதிக்கப்படாத, அரசுத் தரிசுதான் குறி. ஆனால் அந்தக் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமப் (HACA) பட்டியலில் இருந்தால் தனி அனுமதி வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

தடத்தின் சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள், தடம் செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டாமல் வரைந்திருக்கிறோம். தண்ணீர் வழிந்தோட, தடம் வெளி ஓரம் நோக்கி 5 சதவீதம் சாய்வு. இல்லாவிட்டால் வடகிழக்குப் பருவமழையில் தடமே வாய்க்காலாகிவிடும்.

அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கத் தீர்மான வாசகம் தேவை: நிலம் அரசுடையது, பராமரிப்பு மட்டும் எங்கள் சங்கத்துடையது என்று தெளிவாக இருக்க வேண்டும். விளையாட்டு மைதானத்துக்கு இப்படித் தீர்மானம் வாங்கியவர்கள் நகலைப் பகிருங்கள். புலப்படத்தை (புல எண்ணின் அளவு வரைபடம்) வைத்து எல்லை காட்டத் தெரிந்த ஓய்வுபெற்ற சர்வேயர், மூன்றாம் நபர் காப்பீடு எடுத்த அனுபவமுள்ளவர் யாராவது இருக்கிறீர்களா?