புதுப்பிப்பு: பட்டியலே இல்லாதவர்களிடம் மாதிரி எடுப்பது

வீட்டு வேலை செய்பவர்களைப் பற்றிய ஆய்வு, பெயர்ப் பட்டியல் கிடையாது, பனிப்பந்து முறை (ஒருவர் தனக்குத் தெரிந்தவரைக் காட்ட, அவர் இன்னொருவரைக் காட்ட, அப்படியே ஆள் சேர்ப்பது) போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதவில்லை. நிறைய பேரைத் தெரிந்தவர்களே வந்து குவிந்தார்கள்.

அதனால் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997-இல் முன்வைத்த கூப்பன் முறைக்கு மாறினோம். பேட்டி கொடுத்தவர் தனக்குத் தெரிந்தவர்களுக்குக் கூப்பன் கொடுத்து அனுப்புவார்; ஆளுக்கு 3 கூப்பன்தான். அதில் எண் இருப்பதால், யார் வழியாக யார் வந்தார் என்பது பெயர் கேட்காமலே தெரிந்துவிடும். அப்புறம், நிறைய பேரைத் தெரிந்தவர் ஆய்வுக்குள் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், கணக்கில் அவர் பதிலுக்குக் குறைந்த எடை (மதிப்பு) கொடுக்கிறோம்: 4 பேரைத் தெரிந்தவரின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் 40 பேரைத் தெரிந்தவருக்கு.

சிக்கலே அங்கேதான். "எத்தனை பேரைத் தெரியும்?" என்றால் எல்லாரும் 10, 20 என்று ரவுண்டாகச் சொன்னார்கள். "போன மாதம் நேரில் பேசியவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டதும், விரல்விட்டு எண்ணி 7, 13 என்றார்கள். முதலில் வந்தவர்களிடமும் இதை மறுபடி கேட்கப் போகிறோம்.