பிளைபுர்க் அஞ்சலிக் கூட்டத்தைத் தடுப்பது சரியா?

கரிசல்: 1945 மே 15 அன்று, ஐரோப்பாவில் போர் முடிந்து ஒரு வாரமான நிலையில், ஆஸ்திரியாவின் பிளைபுர்க் அருகே சரணடைய வந்த, நாஜி ஜெர்மனியின் பக்கம் நின்ற குரோவேஷியப் படையினரை ஏற்க மறுத்த பிரிட்டிஷார், அவர்களை டிட்டோ தலைமையிலான யூகோஸ்லாவியக் கம்யூனிஸ்ட் போராளிகளான பார்ட்டிசான்களிடம் சரணடைய வைத்தனர். அடுத்த வாரங்களில் பல்லாயிரம் பேர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். அந்த வயலில் ஆண்டுதோறும் நடந்த திருப்பலிக்கு 2019இல் கத்தோலிக்க மறைமாவட்டம் அனுமதி மறுத்தது, உறவினர்கள் அழுவதற்கான உரிமையைப் பறித்தது போலாகாதா?

நெய்தல்: அழுவதை யாரும் தடுக்கவில்லை, ஐயா. அங்கே உஸ்தாஷாவின், அதாவது போர்க்காலத்தில் நாஜிகளின் துணையோடு குரோவேஷியாவை ஆண்ட பாசிச இயக்கத்தின், சின்னங்களோடு வந்து நின்றவர்களைப் பற்றியதே கேள்வி. அந்த ஆட்சி நடத்திய யாசெனோவாட்ஸ் வதைமுகாமில் மாண்டோரில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இன்று பட்டியலில் உள்ளன. சின்னங்களை ஆஸ்திரியா சட்டத்தால் தடைசெய்ததும் அதே 2019இல்தான்.

கரிசல்: முகாம் காவலனின் குற்றத்தைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட இளைஞன் தலையில் கட்டுவது எந்த நீதி? ஸ்லோவேனியாவின் மாரிபோர் அருகே தெஸ்னோவில் 1999இல் நெடுஞ்சாலை வேலைக்காகத் தோண்டியபோது, பழைய டாங்கித் தடுப்புப் பள்ளத்தின் 70 மீட்டரிலேயே 1,179 பேரின் எலும்புகள் கிடைத்தன. கைதிகளைக் கொல்லக்கூடாது என்று மே 14 அன்று டிட்டோவே தந்தி அனுப்பியிருந்தும் இது நடந்தது.

வழிப்போக்கன்: இருவரும் இடத்தைக் கவனிக்கவில்லை. பெரும்பாலான கொலைகள் பிளைபுர்க்கில் அல்ல, தெஸ்னோ, ஹூதா யாமா போன்ற ஸ்லோவேனிய இடங்களில்தான் நடந்தன. கம்யூனிஸ்ட் ஆட்சியில் அங்கே மெழுகுவத்தி ஏற்றவும் முடியாததால்தான், புலம்பெயர்ந்தோர் எல்லைக்கு அப்பால் கூடினார்கள். ஸ்லோவேனியாவிலோ 1990 ஜூலை 8 அன்று கொச்செவ்ஸ்கி ரோக் காட்டில், கொல்லப்பட்ட ஸ்லோவேனியப் படையினருக்காக, முன்னாள் கம்யூனிஸ்ட் தலைவர் மிலான் குச்சானும் பேராயர் ஷுஷ்டாரும் ஒன்றாக நின்றார்கள். குரோவேஷிய நாடாளுமன்றமோ பிளைபுர்க் நிகழ்வுக்கு 1995 முதல் ஆதரவு தந்தது, 2012இல் விலக்கிக்கொண்டது, 2016இல் மீண்டும் தந்தது. ஆட்சி மாறினால் அஞ்சலியும் மாறுகிறது என்றால் அதை இழவு என்று எப்படிச் சொல்வது?

நெய்தல்: அதைத்தான் சொல்கிறேன். 2020 மே மாதம் இதே திருப்பலியைப் போஸ்னியத் தலைநகர் சராயேவோவில் நடத்தியபோது, உஸ்தாஷா ஆட்சியில் உறவுகளை இழந்த நகரத்தின் மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள்.

கரிசல்: அவர்கள் கோபம் எனக்கும் புரிகிறது. சின்னங்களை வாசலிலேயே பறிமுதல் செய்யட்டும். ஆனால் தெஸ்னோவில் கிடப்பவனுக்கு ஒரு பெயர்ப்பலகை வைப்பதற்கு நீங்கள் உடன்படுகிறீர்களா என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

நெய்தல்: தெஸ்னோவில், சின்னமின்றி, கொன்றவர் இன்னார் என்றும் எழுதி வைப்பதானால் உடன்படுகிறேன். பிளைபுர்க் வயலில் அல்ல.