ஏலக்காய்ச் சாயத்தைப் பிடிக்க டிஎல்சி தகடு போதுமா?

அணக்கரை ஏலத்தோட்டம்:
கேரளத்து இடுக்கியில் வண்டன்மேடு, அணக்கரை பக்கத்துச் சின்ன ஏலக்காய் விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். எல்லாரும் ஒன்று, இரண்டு ஏக்கர்காரர்கள். பாதிக் குடும்பங்கள் கம்பம், கூடலூரிலிருந்து மலையேறி வந்தவை. போன சீசனில் எங்கள் காய்க்குச் சாயம் ஏற்றியிருக்கிறது என்று சொல்லி ஒரு வியாபாரி மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் உலர்த்தியதோடு சரி, சாயத்தின் பக்கமே நாங்கள் போகவில்லை. ஆனால் அதைக் காட்ட எங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. டிஎல்சி, அதாவது மெல்லடுக்கு வண்ணப்பிரிகை (சிலிக்கா பூசிய தகட்டில் கரைப்பானை மேலே ஏறவிட்டு, கலந்திருப்பதைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை), செய்யும் சாமான்களை வாங்கிவிட்டால் நாமே சோதித்துக்கொள்ளலாம் என்கிறான் காலேஜில் படிக்கும் ஊர்ப் பையன். அது அந்தக் காலத்து முறை, காசுக்குத் தண்டம் என்கிறார் இன்னொருவர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொச்சி அனலிஸ்ட்:
தண்டம்தான். மசாலாப் பொருட்களைச் சோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். ஏலக்காய்க்கு இன்றைக்குப் பெரிய தலைவலி சாயம் இல்லை, பூச்சிமருந்து எச்சம். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணையில் சேர்த்த ஏலக்காயில் எச்சம் வரம்பைத் தாண்டியிருக்கிறது என்று கேரள உயர் நீதிமன்றம் அரவணை விற்பனையையே நிறுத்தியது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, அது வேறு கதை. ஐரோப்பாவில் தனி வரம்பு வைக்காத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. அதைக் கண்டுபிடிக்க எல்சி-எம்எஸ்-எம்எஸ், ஜிசி-எம்எஸ்-எம்எஸ் என்கிற பெரிய லேப் கருவிகள் வேண்டும். கண்ணாடித் தொட்டியில் தகட்டை நிறுத்திவைத்துப் பார்க்கிற காரியம் இல்லை இது.

ஓய்வுபெற்ற வாத்தியார், கம்பம்:
அனலிஸ்ட் தம்பி, அவர் கேட்டது சாயத்தைப் பற்றி. நீங்கள் பதில் சொன்னது பூச்சிமருந்துக்கு.

சாயத்துக்கு டிஎல்சி மாதிரி நேரடியான சோதனை வேறில்லை. எப்படி என்று சொல்கிறேன், அணக்கரைக்காரர் கேட்டுக்கொள்ளட்டும். காய்த் தோலை இடித்து, கொஞ்சம் அசெட்டிக் அமிலம் சேர்த்த தண்ணீரில் கொதிக்கவிட வேண்டும். அதில் சாயமேறாத வெள்ளைக் கம்பளி நூலைப் போட வேண்டும். அமிலச் சாயம் இருந்தால் கம்பளி அதைக் கவ்விக்கொள்ளும். இலைப்பச்சை எண்ணெயில் கரைகிற சரக்கு, தண்ணீருக்கு வராது. நூலைக் குளிர்ந்த தண்ணீரில் நன்றாக அலசி, நீர்த்த அம்மோனியாவில் சூடாக்கினால் பிடித்த சாயத்தைக் கம்பளி விட்டுவிடும். சந்தேகம் தீர, அந்தக் கரைசலை மறுபடி அமிலமாக்கிப் புது நூலில் இன்னொரு தடவை ஏற்றி இறக்கலாம். கடைசியில் கிடைக்கும் கரைசலைச் சுண்டவைத்து, நுண்குழாயால் தகட்டின் அடியில் ஒரு பொட்டு வைத்து, ஐசோபுரோப்பனாலும் அம்மோனியாவும் 4:1 கலந்த தொட்டியில் நிறுத்துங்கள். கரைப்பான் மேலே ஏற ஏற அந்தப் பச்சை இரண்டாகப் பிரியும், ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். பச்சை காட்டுவதற்கு வழக்கமாகச் சேர்ப்பது டார்ட்ரசைனும் பிரில்லியன்ட் புளூவும்தான். இரண்டும் நம் நாட்டில் உணவுக்கு அனுமதித்த எட்டு செயற்கைச் சாயங்களில் அடக்கம், ஆனால் மசாலாப் பொருளில் எந்தச் சாயமும் சேர்க்கக் கூடாது. பக்கத்திலேயே அசல் சாயப் பொட்டும் வைத்து ஓடவிட்டால் உயரம் ஒத்துப்போகிறதா இல்லையா என்று ஏலம் எடுக்க வருகிறவரும் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார். புற ஊதா விளக்குக்கூட வேண்டாம்.

போடி வியாபாரி:
வாத்தியாரய்யா, விவசாயி தன் காயைத் தானே சோதித்துக் காட்டினால் யார் நம்புவது? புத்தடியில் ஏலக்காய் ஏலம் விடும்போது சாம்பிளைக் கையில் எடுத்து, நிறம், பருமன், வாசம் பார்த்து நிமிஷத்தில் விலை கட்டுகிறோம். ஈர டிஷ்யூவில் தேய்த்தால் பச்சை ஒட்டுகிறதா என்று பார்த்துவிட மாட்டோமா? அதற்குத் தகடு, தொட்டி, கம்பளி நூல் எல்லாம் எதற்கு?

அணக்கரை ஏலத்தோட்டம்:
அண்ணே, அந்த டிஷ்யூவை வைத்துத்தான் எங்கள் மூட்டை திரும்பி வந்தது. மழை நாளில் காய் லேசாக வியர்த்திருந்தால் வெறும் தோலே பச்சையாக ஒட்டும்.

இன்னொரு சந்தேகம். எங்களில் சிலர் பச்சை நிற்பதற்காக உலர்த்தும் முன் காயைச் சலவைச் சோடாக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். அதையும் தகடு காட்டுமா?

ஓய்வுபெற்ற வாத்தியார், கம்பம்:
காட்டாது. சோடா காயின் சொந்தப் பச்சையைத்தான் காப்பாற்றுகிறது, புதிதாக நிறம் சேர்ப்பதில்லை. கம்பளியில் ஏற ஒன்றுமில்லை. உங்களுக்கு அதுவும் நல்லதுதான், சோடாக் காயையும் சாயக் காயையும் டிஷ்யூ பிரித்துச் சொல்லாது, தகடு சொல்லிவிடும்.

கொச்சி அனலிஸ்ட்:
சாயத்துக்கு ஒத்துக்கொள்கிறேன், மேலே போகலாம். ஆனால் டிஎல்சி இன்றைக்கும் உதவுகிற கருவி என்கிற பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1938இல் கார்கிவில் இஸ்மாயிலோவும் ஷ்ரைபரும் கண்ணாடியில் அலுமினா பூசி மூலிகைச் சாற்றைச் சொட்டிப் பார்த்தார்கள். 1950களில் எகோன் ஸ்டால் அதைச் சிலிக்கா ஜெல்லில் ஒழுங்குபடுத்தினார். அதற்கப்புறம் உலகம் எங்கேயோ போய்விட்டது. இடுக்கி மழையில் தகடு என்ன பாடு படும் என்று யோசித்தீர்களா? சிலிக்கா காற்றிலிருந்து நிமிஷக் கணக்கில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஜூலையில் ஓட்டிய பொட்டும் பிப்ரவரியில் ஓட்டிய பொட்டும் ஒரே உயரத்தில் நிற்காது. பொட்டு ஏறிய உயரத்தைக் கரைப்பான் ஏறிய உயரத்தால் வகுத்து ஆர்எஃப் என்று எழுதிவைக்கிற எண்ணுக்கு என்ன மதிப்பு?

குமுளி மூலிகை:
அந்த ஈரம்தான் தினமும் என் வேலையில் தலைவலி, அதனால் நானும் நுழைகிறேன். சித்த, ஆயுர்வேத மருந்து செய்யும் இடத்தில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். நாங்கள் செய்வது ஹெச்பிடிஎல்சி, அதாவது டிஎல்சியின் உயர்திறன் வடிவம். சாதாரணத் தகட்டைவிட நுணுக்கமான, ஒரே சீரான சிலிக்கா. சொட்டை இயந்திரமே 8 மில்லிமீட்டர் கோடாகத் தெளிக்கும். ஓட்டுவதற்கு முன் மெக்னீசியம் குளோரைடின் நிறைசெறிவுக் கரைசலுக்கு மேலே தகட்டை வைத்து ஈரப்பதத்தை 33 சதவீதத்தில் நிறுத்துவோம். தொட்டியைக் கரைப்பான் ஆவியால் 20 நிமிஷம் நிரப்பிவிட்டு 70 மில்லிமீட்டர் உயரம் மட்டும் ஓடவிடுவோம். வெளியே கொட்டுகிற மழை தகட்டுக்குத் தெரியாது. ஐரோப்பிய, அமெரிக்க மருந்து நூல்கள் இரண்டிலும் இந்த ஒழுங்கு வந்துவிட்டது. 1950களுக்கு அப்புறம் டிஎல்சியில் ஒன்றும் நடக்கவில்லை என்பது சரியில்லை சார்.

எங்களுக்கு அது எதற்கு? அசோகப்பட்டை என்று வருகிற மூட்டையில் நெட்டிலிங்கப் பட்டை கலந்திருக்கும். பட்டையாகக் காய்ந்துவிட்டால் கண்ணுக்குப் பிடிபடாது, பொடியாக வந்தால் சொல்லவே வேண்டாம். அசல் பட்டைச் சாறு ஒரு தடத்தில், வந்த சரக்கு பக்கத்துத் தடங்களில். அனிசால்டிஹைடு கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் தடத்துக்குத் தடம் நிறங்கள் எழும்பும், வேறு மரம் என்றால் வரிசையே வேறாக நிற்கும். 20க்கு 10 சென்டிமீட்டர் தகட்டில் ஒரே சமயத்தில் 15, 18 தடம் ஓட்டலாம். எல்சி-எம்எஸ்ஸில் ஒவ்வொரு சாம்பிளாக வரிசையில் நிற்க வேண்டும். அதுவும் தேடுவது எது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அதன் முழுப் பலமும். எதிர்பாராத சரக்கு வந்தால் தகட்டில் எதிர்பாராத இடத்தில் ஒரு பட்டை தெரியும்.

கொச்சி அனலிஸ்ட்:
மேடம், நீங்கள் சொல்லும் தெளிப்பானும் அதோடு வரும் தகடு படிக்கும் ஸ்கேனரும் ஒரு சின்னச் சங்கம் வாங்கக் கூடியதா? அந்த விலைக்கு எங்களிடம் எத்தனையோ சாம்பிள் கொடுத்துச் சோதிக்கலாம். சங்கத்துக்குக் கத்தரிக்கோலால் வெட்டுகிற அலுமினியத் தகடு, உங்களுக்கு அந்த இயந்திரம். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒன்றின் பெருமையை இன்னொன்றுக்கு ஏற்றாதீர்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார், கம்பம்:
ஏற்றவில்லை தம்பி. ஏழை நாடுகளில் போலி மாத்திரையைப் பிடிக்க ஒரு ஜெர்மன் அறக்கட்டளை பெட்டிக்குள் அடங்கும் மினிலேப் செய்து தருகிறதே, அதன் உயிரே சாதாரண டிஎல்சிதான். ஸ்கேனரும் இல்லை, கணினியும் இல்லை. 2022இல் காம்பியாவில் குழந்தைகள் குடித்த இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்த விஷயம் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் இரண்டு படிச் சோதனை முறை கொண்டுவந்தது. முதல் படி டிஎல்சி. அதில் சந்தேகம் வந்தால்தான் ஜிசி, அதாவது வாயு வண்ணப்பிரிகை. பத்துப் பாட்டிலில் எதை லேபுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய ஏதாவது ஒன்று வேண்டுமே.

பூச்சிமருந்துக்கும் தகடு உண்டு. குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் சரக்குகள் கோலின்எஸ்டரேஸ் நொதியை முடக்குகிறவை. ஓடி முடித்த தகட்டின் மேல் அந்த நொதியைத் தெளித்து, அப்புறம் நாப்தைல் அசிட்டேட்டும் ஃபாஸ்ட் புளூ உப்பும் தெளித்தால் தகடு முழுக்க ஊதாவாகும். மருந்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். வீரியமான மருந்தென்றால் நானோகிராமுக்கும் கீழே பிடித்துவிடும்.

கொச்சி அனலிஸ்ட்:
இங்கேதான் ஆபத்து, அய்யா. நீங்கள் சொன்ன இரண்டும் கந்தகம் உள்ள தயோபாஸ்பேட் வகை. அப்படியே இருந்தால் நொதியை லேசாகத்தான் தொடும். புரோமின் மாதிரி ஏதாவது ஒன்றால் ஆக்ஸான் என்ற வீரியமான வடிவமாக மாற்றிய பிறகுதான் வெள்ளைப் பொட்டு ஒழுங்காக விழும். அணக்கரையில் யார் புரோமின் பாட்டிலைத் திறப்பது? அடுத்து, ஏலக்காயின் சொந்த எண்ணெயில் உள்ள சினியோலுக்கே அந்த நொதியைக் கொஞ்சம் தடுக்கும் குணம் உண்டு. எண்ணெயைச் சரியாக நீக்காவிட்டால் மருந்தே அடிக்காத காயிலும் மங்கலான வெள்ளை தெரியலாம். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து, பூஞ்சைக்கொல்லி இந்தச் சோதனையின் கண்ணிலேயே படாது. வெள்ளைப் பொட்டு இல்லை, எச்சம் இல்லை என்று ஒரு சீட்டு எழுதி மூட்டையோடு அனுப்பினால், வெளிநாட்டில் சரக்கு மாட்டும்போது அந்தச் சீட்டுதான் உங்களுக்கு எதிரான சாட்சி.

குமுளி மூலிகை:
இதில் நான் அனலிஸ்ட் சார் பக்கம். நொதித் தகடு நல்ல ஆராய்ச்சி, ஜெர்மனியில் அழகாகச் செய்கிறார்கள். ஏலக்காய் ஸ்டோரில் வைத்துச் செய்கிற வேலை இல்லை.

போடி வியாபாரி:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. சாயத் தகடு சரியாகவே இருக்கட்டும். அது நாங்கள் வாங்கும் மூட்டையிலிருந்து எடுத்த காய்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? ஐம்பது கிலோ மூட்டையில் மேலே ஒரு கை அள்ளினால் அடியில் இருப்பது தெரியுமா?

அணக்கரை ஏலத்தோட்டம்:
அண்ணே, இதுவரை இங்கே வந்ததில் எனக்கு உறைத்தது உங்கள் கேள்விதான். மூட்டையை நீங்களே திறங்கள், மேல், நடு, அடி என்று நீங்களே அள்ளுங்கள். பொட்டு வைப்பதும் உங்கள் முன்னாலேயே. ஓடிய தகட்டில் இரண்டு பேரும் பென்சிலால் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பேனா வேண்டாம், மை கரைப்பானோடு ஓடும் என்று பையன் சொல்கிறான்.

போடி வியாபாரி:
அப்படியென்றால் வருகிறேன். தகட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் மூட்டை திரும்பாது. நீலமும் மஞ்சளும் தெரிந்தால் அந்த மூட்டையின் வண்டிக்கூலி உங்கள் தலையில்.

கொச்சி அனலிஸ்ட்:
சாயத்துக்கு மட்டும் என்றால் நடத்துங்கள். எச்சத்துக்குச் சங்கத்துக் காயையெல்லாம் சேர்த்துக் கலந்து ஒரே சாம்பிளாக லேபுக்கு அனுப்பினால் செலவு பங்காகும். ஆனால் ஒருவர் அடித்த மருந்து கலவையில் நீர்த்து மறைந்துவிடும், அதையும் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். தகடு போடும் இடத்தில் ஒட்டும் சீட்டில் “சாயச் சோதனை மட்டும்” என்று பெரிதாக எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார், கம்பம்:
எழுதலாம். 20க்கு 20 அலுமினியத் தகடு ஒரு பெட்டியில் 25 வரும். 5க்கு 10ஆக வெட்டினால் ஒரு தகட்டில் எட்டுத் துண்டு. சீசன் முழுக்க வரும்.

குமுளி மூலிகை:
வாங்கும் முன் ஒன்று. தொட்டியை ஸ்டோருக்குள் வைக்காதீர்கள். அம்மோனியா வாடையை ஏலக்காய் அப்படியே இழுத்துக்கொள்ளும், அப்புறம் சாயம் இல்லாவிட்டாலும் போடி அண்ணன் மூட்டையைத் திருப்புவார்.

அணக்கரை ஏலத்தோட்டம்:
ஸ்டோருக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஷெட் இருக்கிறது, அங்கே வைக்கலாமா அக்கா?

குமுளி மூலிகை:
ஐசோபுரோப்பனால் தீப்பிடிக்கும். ஜெனரேட்டர் பக்கமே போகக் கூடாது. சங்க ஆபீஸ் திண்ணை போதும், காற்று வரட்டும், தொட்டிக்கு மட்டும் மூடி இறுக்கமாக இருக்கட்டும்.