தம்பி வெலிங்டன் போகிறான்: எங்கள் வீட்டுக் குழுவிலிருந்து

ராணுவத்தில் நான்கு வருஷத்துக்குச் சேர்க்கிற அக்னிவீர் திட்டத்தில், பயிற்சிக்குத் தம்பி கிளம்பிய வாரத்தில் எங்கள் ‘முக்கூடல் வீடு’ வாட்ஸ்அப் குழுவில் ஓடிய பேச்சு இது. பிள்ளையை அனுப்பப் போகிற வேறு வீட்டுக்காரர்கள் கேட்டதால், எங்கள் சொந்தக் கதைகள் சிலவற்றை மட்டும் நீக்கிவிட்டுப் போடுகிறேன். மாமா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மாவுக்கு அண்ணன்.

*செவ்வாய்*

தம்பி: ஏ.ஆர்.ஓ.வில் (ராணுவ ஆள்சேர்ப்பு ஆபீஸ்) இருந்து தகவல் வந்துவிட்டது. அடுத்த புதன் காலை திருச்சியில் ரிப்போர்ட் செய்யணும். பேப்பர் எல்லாம் சரிபார்த்துவிட்டு அங்கிருந்து மொத்தமாக அனுப்புவார்களாம். மெட்ராஸ் ரெஜிமென்ட். வெலிங்டன்.

அம்பை சித்தி: ஏலே, முத்துமாலை அம்மன் கண் திறந்துவிட்டாள்! 🙏🙏

அம்மா: வெலிங்டன் எங்க இருக்கு அண்ணே? ரொம்ப தூரமா?

மாமா: குன்னூருக்குப் பக்கத்தில் தங்கச்சி. நீலகிரிதான், நம்ம ஊர்தான். மேட்டுப்பாளையம் போய் மலை ஏறணும். ஊட்டி ரயில் அங்கேயும் நிற்கும். நானும் அதே மைதானத்தில்தான் ஓடினேன். 1758-இல் தொடங்கிய ரெஜிமென்ட், நம் காலாட்படையில் இதுதான் மூத்தது. மருமகனே, மனசு நிறைஞ்சு போச்சு.

அப்பா: சந்தோஷம் மகனே. லோடு இறக்கிக்கொண்டு இருக்கிறேன். ராத்திரி கூப்பிடுகிறேன்.

தம்பி: மாமா, என்னென்ன எடுத்துப் போகணும்? யூடியூபில் ஒருத்தர் பெரிய பட்டியல் போட்டிருக்கார். ஷூவே மூணு ஜோடி சொல்றார்.

மாமா: ஒன்றும் வாங்காதே. யூனிஃபார்ம், பூட்ஸ், கம்பளி எல்லாம் சென்டரில் கொடுப்பார்கள். நீ இப்போது ஓடுகிற பழைய ஷூவை எடுத்துக்கொள், அது உன் காலுக்குப் பழகிய ஷூ. வெள்ளை பனியன், ஜட்டி, சாக்ஸ் கூடுதலாக வை. சவரச் சாமான், ஊசி நூல், நல்ல பூட்டு ஒன்று, இரண்டு சாவி. மோதிரம், செயின், விலை உயர்ந்த வாட்ச் எதுவும் வேண்டாம். கூட ஒரு நோட்டு, நான்கு பேனா, இன்லாண்ட் லெட்டர் ஒரு கட்டு. தபால் ஆபீஸில் ஒன்று இரண்டரை ரூபாய்.

தம்பி: லெட்டரா மாமா? 😄

மாமா: ஆமாம். அதைப் பற்றித் தனியாகப் பேசணும். முதலில் பேப்பர்.

*புதன்*

மாமா: மருமகளே, நீ வீட்டில் இருக்கிறாயா? அவனுடைய சான்றிதழ் எல்லாவற்றையும் தரையில் பரப்பு. பத்தாம் வகுப்பு மார்க் லிஸ்ட், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, நன்னடத்தைச் சான்று, திருமணம் ஆகாதவன் என்கிற சான்று, ஆதார், பான், பேங்க் பாஸ்புக். அட்மிட் கார்டில் என்ன வரிசை போட்டிருக்கிறதோ அதே வரிசையில் அடுக்கு. அப்புறம் ஒரு வேலை. ஒவ்வொன்றிலும் அவன் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர் இந்த ஐந்தும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்.

நான்: தம்பியுடையது எல்லாம் சரி மாமா. அம்மா பெயர்தான் இடிக்கிறது. அவளுடைய ஆதாரில் ‘அம்மாள்’ என்று முடிகிறது. பாஸ்புக்கில் ‘அம்மாள்’ இல்லை. ரேஷன் கார்டில் வயசும் வேற.

அம்மா: எனக்கு எந்தத் தேதின்னு யார் கண்டா? ஆடி அமாவாசைக்கு மறுநாள்னு ஆச்சி சொல்லுவா. பள்ளிக்கூடத்தில ஒண்ணு எழுதினாங்க.

மாமா: பரவாயில்லை தங்கச்சி, பெரும்பாலும் எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஆனால் இதை இப்போதே ஒழுங்கு பண்ணணும். சேருகிற அன்றைக்கு அவன் எழுதிக் கொடுக்கிற குடும்ப விவரம்தான் சர்வீஸ் ரெக்கார்டில் ஏறும். நாமினி பெயரும் அதை வைத்துத்தான். அக்னிவீருக்கு 48 லட்சம் இன்சூரன்ஸ் உண்டு, பிரீமியம் பிடிக்க மாட்டார்கள். அந்தத் தாளில் உன் பெயர் ஒரு எழுத்து மாறினால் பிறகு ஆபீஸ் ஆபீஸாக அலையணும். பூலாங்குளம் பக்கத்து ஆள் ஒருவர் என் யூனிட்டில் இருந்தார். அவர் தாயார் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன்.

மாமா: ஆதாரில் இருப்பதையே அடிப்படையாக வை. பாஸ்புக்கை அதற்கு ஏற்ப மாற்று. மருமகன் எங்கே எழுதினாலும் ஆதாரில் இருக்கிற அதே எழுத்துதான். ஒரு தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளட்டும். களைப்பில் மறந்துபோகும்.

நான்: நாளைக்குக் காலையில் பேங்கில் கொடுத்துவிடுகிறேன்.

அம்பை சித்தி: அண்ணே, நான் ஒண்ணு கேட்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாலு வருஷம்தானே? அப்புறம் என்ன செய்வான்? பக்கத்து வீட்டில எல்லாரும் அதைத்தான் கேட்கிறாங்க.

மாமா: நியாயமான கேள்வி. 2022-இல் இந்தத் திட்டம் வந்தபோது எனக்கே மனசு ஆறவில்லை. பென்ஷன் இல்லை என்பது பெரிய குறைதான், அதை மறைக்க மாட்டேன். ஒரு பேட்ச்சில் 25 சதவீதம் பேர் வரைக்கும் நிரந்தரமாக எடுப்பார்கள். முதல் வருஷச் சம்பளம் மாதம் 30,000, அதில் 9,000 சேவா நிதி என்கிற சேமிப்புக்குப் போய்விடும், 21,000 கையில் வரும். அவன் போடுகிற அளவுக்கு அரசும் போடும். நான்கு வருஷம் முடிந்தால் வட்டியோடு 11 லட்சத்து 71 ஆயிரம் வரைக்கும் வரும், வரி கிடையாது. அந்தப் பணத்தை யாரும் மனசில் கூடச் செலவு பண்ணக்கூடாது. வீட்டுக்கு மாடி எடுக்கலாம், அக்கா கல்யாணத்துக்கு ஆகும் என்ற பேச்சே வேண்டாம். அது அவன் அடுத்த படிப்புக்கோ தொழிலுக்கோ ஆன முதல்.

நான்: என் கல்யாணத்துக்கு அவன் பணம் வேண்டாம் மாமா. அதை இங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா: நானும் அதையே சொல்கிறேன்.

*வியாழன்*

தம்பி: மாமா, இன்றைக்கும் ஆற்றங்கரை ரோட்டில் அஞ்சு கிலோமீட்டர் ஓடினேன். ஆள்சேர்ப்பு ரேலியில் 1.6 கிலோமீட்டர்தானே, அங்கே எவ்வளவு ஓட விடுவார்கள்?

மாமா: அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இனிமேல் நீ கூட்டாதே, குறை. கடைசி வாரத்தில் காலை முறுக்கிக்கொண்டு போனால் முதல் மாதமே கெட்டுப்போகும். ராத்திரி ஒன்பதுக்குப் படு, காலை நாலரைக்கு எழுந்திரு. பச்சைத் தண்ணீரில் குளி. அங்கே கடல்மட்டத்தில் இருந்து 1,800 மீட்டருக்கு மேலே. நம்ம ஊர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு விடியற்காலைக் குளிர்தான் முதல் உஸ்தாத், அதாவது வாத்தியார்.

மாமா: இப்போது காலைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகக் கேள். நகத்தை நேராக வெட்டு, ஓரத்தில் வளைத்து வெட்டாதே. சாக்ஸ் ஈரமானால் உடனே மாற்று. புது பூட் கடிக்கும், கொப்புளம் வரும். அதை ஊசியால் குத்தாதே, எம்.ஐ. ரூமில் (அங்கே இருக்கிற மருத்துவ அறை) காட்டு. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில், ஒரு இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தால் மறைக்கவே கூடாது. எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். பையன்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? சொன்னால் பேட்ச்சில் இருந்து பின்தள்ளிவிடுவார்கள் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார்கள். விரிசல் முறிவாகிவிடும். பின்தள்ளினால் அடுத்த பேட்ச்சோடு முடிப்பாய், அவ்வளவுதான். வீட்டிலும் எல்லோரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘ரெலிகேட்’ ஆகிவிட்டான், அதாவது பின்தள்ளிவிட்டார்கள் என்று சேதி வந்தால் யாரும் முகம் சுளிக்கக்கூடாது. ஏன் என்று கூடக் கேட்கக்கூடாது, கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

அம்மா: சரி அண்ணே. நான் கேட்க மாட்டேன்.

தம்பி: ஹிந்திதான் பயமா இருக்கு.

மாமா: சாவ்தான் என்றால் நிமிர்ந்து நில், விஷ்ராம் என்றால் காலை அகட்டி நில், தாஹினே முட் வலது, பாயேன் முட் இடது. சொல்லிக் கொடுக்கிறவர் உஸ்தாத், சாப்பாட்டுக் கூடம் லங்கர். கூட இருக்கிறவர்களில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் நிறைய. ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும்.

*வெள்ளி*

அம்பை சித்தி: போன் கொண்டுபோகலாமா அண்ணே? தினமும் வீடியோ கால் போட்டா அக்கா கொஞ்சம் தேறுவா.

மாமா: அதைத்தான் தனியாகப் பேசணும் என்றேன். தினமும் கால் என்பது நடக்காது. ஆரம்பத்தில் போன் அவன் கையில் இருக்காது. பிறகு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். எப்போது, எவ்வளவு நேரம் என்பது கம்பெனியை, அதாவது அவன் இருக்கிற படைப்பிரிவைப் பொறுத்தது. ஒரு ஞாயிறு கால் வரவில்லை என்றால் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். டியூட்டி இருக்கும், துணி துவைத்துக்கொண்டு இருப்பான், தூங்கிவிட்டிருப்பான்.

நான்: மாமா, அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் இந்தக் குழுவைத் திறந்தால் ஐந்நூறு குட்மார்னிங் படம்தான் இருக்கும். அம்மா என்ன சொன்னாள் என்று தேடவே நேரம் போய்விடும். நான் ‘ஞாயிறு’ என்று தனிக் குழு ஒன்று ஆரம்பிக்கிறேன். வாரத்துக்கு ஒருத்தருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ், ஒரு நிமிஷத்துக்குள். படம் ஃபார்வர்ட் எதுவும் கூடாது.

மாமா: சபாஷ் மருமகளே. இது எனக்குத் தோன்றவில்லை.

தென்காசி அத்தை: நானும் பூ படம் போட மாட்டேன். சத்தியமா.

மாமா: அடுத்து லெட்டர். ஏன் கேட்கிறேன் என்றால், கால் பேசினால் ஐந்து நிமிஷத்தில் போய்விடும். லெட்டர் பெட்டியில் இருக்கும், தோன்றும்போதெல்லாம் எடுத்துப் படிக்கலாம். எனக்கு அம்மா சொல்லச் சொல்ல அப்போது நம்ம போஸ்ட்மாஸ்டர்தான் எழுதுவார். சாப்பிட்டாயா, உடம்பைப் பார்த்துக்கொள் என்பதெல்லாம் இரண்டு வரிதான். மீதியெல்லாம் ஊர். கால்வாயில் பிசான நெல்லுக்குத் தண்ணீர் விட்டாச்சு, செவலைப் பசு கிடாரிக்கன்று போட்டிருக்கு, மேலத் தெருவில் யார் வீட்டில் சடங்கு. அதைப் படிக்கும்போது நானும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

அம்மா: நான் பீடி சுத்துறதையும் இலை வெட்டுறதையும் தவிர என்னத்த எழுத?

தம்பி: அதையே எழுதும்மா. இன்னிக்கு எத்தனை கட்டு, இலை நல்லா இருந்ததா, கடையில எத்தனை கழிச்சாங்க. அதுதான் எனக்கு வேணும்.

நான்: அம்மா சொல்லட்டும், நான் எழுதுகிறேன். கடைசியில் கையெழுத்து அவளே போடட்டும்.

மாமா: விலாசம் அவன் போய்ச் சேர்ந்த பிறகு எழுதி அனுப்புவான். நம்பர், பெயர், கம்பெனி, பிளட்டூன், மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர், வெலிங்டன், நீலகிரி 643231. கம்பெனி விடுபட்டால் லெட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

*சனி*

அம்மா: அண்ணே, ஒரு யோசனை. ஆச்சிக்கு மறுபடி மூச்சு இரைக்குது. பிள்ளை அங்க இருக்கும்போது ஏதாவது ஆனா சொல்ல வேண்டாம். முடிஞ்சு வரட்டும். அவன் மனசு கெடக்கூடாது.

தம்பி: அம்மா, நான் இன்னும் இந்தக் குழுவில்தான் இருக்கேன்.

அம்மா: இருந்தா இரு. உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

நான்: எனக்கு அது சரியாகப் படவில்லை. எதையும் சொல்ல மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால், நாம் ‘எல்லாரும் சுகம்’ என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவன் சந்தேகப்படுவான்.

மாமா: மருமகள் சொல்வதுதான் சரி. காய்ச்சல், சளி, வீட்டுச் சண்டை, கடன் தவணை இதெல்லாம் போக வேண்டாம். அவனால் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது, ராத்திரித் தூக்கம்தான் போகும். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போனால் அன்றைக்கே சொல்லணும். அவனிடம் நேராகச் சொல்லாமல் முதலில் கம்பெனி ஆபீஸுக்குச் சொல்லுங்கள். உஸ்தாதோ சுபேதாரோ பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்வார்கள். லீவு கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் கையில். ஆனால் பிள்ளைக்குத் தெரியணும். எங்கள் அப்பா போனது எனக்குப் பதினாறாம் நாள் முடிந்த பிறகுதான் தெரியும். நல்ல எண்ணத்தில்தான் மறைத்தார்கள். இத்தனை வருஷமாகியும் அது எனக்கு ஆறவில்லை தங்கச்சி.

அம்மா: அது எனக்குத் தெரியும் அண்ணே. நான்தான் அப்ப வேண்டாம்னு சொன்னேன்.

மாமா: நீ சின்னப் பிள்ளை அப்போது. உன் மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை.

ஆச்சி (சித்தி போனில் இருந்து): நான் சொல்லுதேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சொல்லுங்க. பேரனுக்குத் தெரியாம நான் போக மாட்டேன்.

அம்மா: சரி. சொல்லிடுவோம்.

தம்பி: ❤️

*ஞாயிறு*

மாமா: பாதுகாப்புக்கு இரண்டு விஷயம், எல்லோருக்கும். அவன் யூனிஃபார்ம் படம் கிடைத்தால் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். எந்த கம்பெனி, எப்போது எங்கே போகிறார்கள் என்பதையும் வெளியில் எழுத வேண்டாம். ‘உங்கள் பையனுக்கு அடிபட்டிருக்கிறது, உடனே ஜிபே பண்ணுங்கள்’ என்று யாராவது பேசினால் ஒரு ரூபாய் அனுப்பக் கூடாது. போனை வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

அம்பை சித்தி: கொஞ்சம் முறுக்கும் அல்வாவும் கட்டிக் கொடுக்கட்டுமா?

மாமா: அல்வா இரண்டு கிலோவாகக் கொடு. பாரக்கில் (பையன்கள் தங்குகிற கூடம்) அவிழ்த்தால் ஒரே நிமிஷம். ஆனால் அன்றைக்கே பத்துப் பேர் சிநேகிதம் ஆகிவிடுவார்கள்.

அப்பா: மச்சான், கடைசியில் எங்களைக் கூப்பிடுவார்களா?

மாமா: கூப்பிடுவார்கள் மாப்பிள்ளை. 31 வாரம் முடிந்து கசம் பரேடு. தேசியக் கொடிக்கு முன்னால் சத்தியப் பிரமாணம் எடுப்பான். பெற்றோருக்கு கௌரவப் பதக்கம் குத்துவார்கள். அந்த வாரத்துக்கு லோடு எதுவும் ஒத்துக்கொள்ளாதே.

அப்பா: இப்பவே முதலாளிகிட்ட சொல்லிவிடுகிறேன்.

*முதல் கால் வந்த அன்று*

நான்: தம்பி பேசினான்! தொண்டை கட்டியிருக்கிறது, கத்திக் கத்தி. முடி ஒட்ட வெட்டிவிட்டார்கள். குளிர்தான் கஷ்டம், சாப்பாடு பரவாயில்லையாம். பக்கத்துக் கட்டில் பையன் கொல்லம். அல்வா அன்றைக்கே தீர்ந்துவிட்டது. காலில் கொப்புளம் வந்து எம்.ஐ. ரூமில் காட்டியிருக்கிறான். நாமினி தாளில் அம்மா பெயரை ஆதாரில் இருக்கிறபடியே எழுதினானாம். ஆச்சியைப் பற்றி முதல் கேள்வியாகக் கேட்டான், இரைப்பு குறையவில்லை, மாத்திரை மாற்றியிருக்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னேன்.

மாமா: நல்லது மருமகளே. விலாசம் சொன்னானா?

நான்: சொன்னான். உங்கள் எல்லாருக்கும் தனியாக அனுப்புகிறேன், குழுவில் போடவில்லை. இந்த வாரம் அம்மாவும் நானும் எழுதுகிறோம். அடுத்த வாரம் சித்தி. அதற்கு அடுத்தது அத்தை.

அம்மா: நான் ஏற்கெனவே சொல்ல ஆரம்பிச்சாச்சு. பேனாவ எடுத்துட்டு வா.