பொருள்: கதையின் அமைப்பைத் திருத்தும் பணிக்கு ‘வைப்புத்திருத்தம்’

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

> எடிட்டிங் என்பதற்குச் ‘செம்மையாக்கம்’ வழக்கில் இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

செம்மையாக்கத்தை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முழுப் பணிக்கும் அது பொதுப்பெயராக இருக்கட்டும். ஆனால் அச்சொல்லைக் கேட்டதும் ஒற்றுப்பிழை நீக்குவதும் வாக்கியத்தைச் சீர்செய்வதும்தான் நினைவுக்கு வருகின்றன. ஓர் அத்தியாயத்தை இடம் மாற்றுவது, வேலையில்லாத பாத்திரத்தை எடுத்துவிடுவது, கதைசொல்லி எதை எப்போது வெளியிடுகிறார் என்பதை மாற்றியமைப்பது ஆகியவற்றை அது தனித்துச் சுட்டுவதில்லை. அச்சுப்படியில் பிழை பார்க்கும் மெய்ப்பு வேலைக்குப் பெயர் இருக்கிறது, இதற்கு இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்க எழுத்தாளர் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவல் 1925 ஏப்ரலில் வெளிவந்தது. அதற்கு முந்தைய நவம்பரில், ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகத்தின் எடிட்டர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ் கைப்பிரதியைப் படித்துவிட்டு, நாயகன் கேட்ஸ்பியின் உருவம் மங்கலாக இருக்கிறது என்றும், அவனுடைய கடந்தகாலத்தை ஒரே இடத்தில் கொட்டாமல் சிறிது சிறிதாக வெளியிடலாம் என்றும் எழுதினார். ஃபிட்ஸ்ஜெரால்டு, எட்டாம் அத்தியாயத்தில் இருந்த, இளம் கேட்ஸ்பியைத் தன்னுடன் சேர்த்துக்கொண்ட செல்வந்தர் டான் கோடியின் கதையை ஆறாம் அத்தியாயத்துக்குக் கொண்டுவந்தார். இதனால், ஏழாம் அத்தியாயத்தின் பிளாசா ஓட்டல் மோதலுக்கு முன்பே கேட்ஸ்பி எங்கிருந்து வந்தவன் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. இதையெல்லாம் அவன் வெகுநாள் கழித்தே சொன்னான், ஆயினும் இங்கேயே எழுதிவிடுகிறேன் என்று கதைசொல்லி நிக் ஒரு சமாதானம் சொல்வது, அப்பகுதி காலவரிசையை விட்டு முன்னே வந்துவிட்டதால்தான். இம்மாற்றங்களை ஃபிட்ஸ்ஜெரால்டு செய்தது அச்சுக்கோத்து வந்த மெய்ப்புத்தாள்களில் என்பதையும் கவனிக்க வேண்டும். அது மெய்ப்புத்தாள் என்பதற்காக, அதில் செய்த வேலையை மெய்ப்புத்திருத்தம் என்றால் சிரிப்பார்கள். ஆகவே பெயர், பணி எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பதைக் கொண்டு அமையாமல், எதன்மீது நடக்கிறது என்பதைக் கொண்டு அமைய வேண்டும்.

சொல்லைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நன்னூல் நூலுக்குரிய பத்து அழகுகளுள் ஒன்றாக ‘முறையின் வைப்பு’ என்பதைச் சொல்கிறது. குற்றங்கள் பத்தினுள் வரும் ‘மற்றொன்று விரித்தல்’ (சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது), ‘சென்றுதேய்ந்து இறுதல்’ (போகப்போகத் தேய்ந்து முடிவது) ஆகிய இரண்டும் இன்றைய நாவல்களுக்கென்றே எழுதியவை போல இருக்கின்றன. பிற்பாதியில் நீர்த்துப்போகும் நாவலைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லிவிட முடியும்? திருக்குறளின் அதிகார வைப்புமுறை என்று இன்றும் எழுதுகிறோம். எனவே ‘வைப்புத்திருத்தம்’ என்பது என் பரிந்துரை. இதற்கு அடுத்து நடைத்திருத்தம், பிழைதிருத்தம், மெய்ப்புத்திருத்தம் என்று மற்றவையும் ஒரே குடும்பமாக நிற்கும்.

வைப்பு என்றால் வங்கிதான் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. திருத்தம் என்னும் சொல்லுடன் சேர்ந்து நிற்கும்போது பணத்தை யாரும் நினைக்கப் போவதில்லை. திருத்தம் என்றாலே தவறு இருந்தது என்று பொருள்படும், எழுத்தாளர்கள் மனம் கோணுவார்கள் என்பது அதைவிட வலுவான மறுப்பு. ஆனால் காடு திருத்திக் கழனியாக்கினார்கள் என்கிறோம். திருத்தமான முகம் என்கிறோம். அங்கெல்லாம் பிழை என்ற பேச்சே இல்லை. இப்பணியின் ஆங்கிலப் பெயரான ‘டெவலப்மென்டல் எடிட்டிங்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘வளர்ச்சிநிலைத் திருத்தம்’ என்று முன்மொழிந்தவர் பொறுத்தருள வேண்டும். ஆங்கிலம் தெரியாதவருக்கு அது எதன் வளர்ச்சி என்றே விளங்காது.

அமெரிக்கச் சிறுகதையாளர் ரேமண்ட் கார்வரின் 1981ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவருடைய எடிட்டர் கார்டன் லிஷ் செய்த வெட்டுகள் எதில் அடங்கும் என்று நேற்றைய மடலில் கேட்டிருந்தார்கள். அதில் ஒரு கதையில், மகனை இழந்த பெற்றோர் ரொட்டிக் கடைக்காரருடன் அமர்ந்து உண்ணும் முடிவை நீக்கி, தொலைபேசி ஒலிப்பதோடு கதையை நிறுத்தியது வைப்புத்திருத்தம். வரிகளைக் குறுக்கியது நடைத்திருத்தம். கார்வர் 1983இல் அந்த முடிவை மீட்டு வெளியிட்டார் என்பதால், செய்தது திருத்தமா சிதைவா என்று வாதிடலாம். ஆனால் அது கலைச்சொல்லின் வேலையன்று.

செய்பவரைக் குறிக்க ‘வைப்புத்திருத்துநர்’ சற்று நீளமாக இருக்கிறது. தனியே ‘திருத்துநர்’ என்றால் மெய்ப்பு பார்ப்பவரோடு குழம்புமா என்பதைப் பதிப்புத் துறையில் இருப்பவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.